எண்ணூர் ரோட்டில் மந்திரி பார்த்த பிரசவம்

1. டிரையல்

திருவொற்றியூரில் பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் எக்ஸ்போர்ட் சூப்பர்வைசராக இருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய சமயம். ஆர்டர் இல்லை. வெல்டர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து ஆம்புலன்ஸ் ஆர்டர் வந்தது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நாட்டுச் சுகாதார மந்திரியே வந்து பார்ப்பார் என்றார்கள். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆர்டர் கிடையாது.

வந்தவர் எழுபதை நெருங்கியவர். நல்ல உயரம், ஒல்லியான உடம்பு. ரோஜா மாலையை வாங்கி மேஜைமேல் வைத்தார். கோட்டைக் கழற்றினார். கூட வந்த அதிகாரியைப் பட்டறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, முதல் வண்டிக்குள் ஏறி ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டார். உங்கள் ஊரில் இருப்பதிலேயே மோசமான ரோட்டில் ஓட்டுங்கள் என்றார்.

முதலாளி தூத்துக்குடிக்காரர். என்னை ஓரமாக இழுத்தார். "எப்பா, எண்ணூர் ரோட்டுப் பக்கம் மட்டும் போயிராத. குலுங்குற குலுக்கல்ல ஆர்டரே போயிரும்."

நான் போய்ச் சொல்வதற்குள் டிரைவர் மஸ்தான் வண்டியை எடுத்துவிட்டார். ஓடி ஏறிக்கொண்டேன். மோசமான ரோடு என்றால் மஸ்தானுக்கு வேறு ரோடு தோன்றாது.

2. படுத்தபடி பேசினவர்

கண்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட பள்ளங்களில் வண்டி குதித்தது. மந்திரி ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் டாக்டராமே என்று பேச்சுக் கொடுத்தேன். இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்.

அவர் நாடு சுதந்திரம் அடைந்தபோது அங்கே டாக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவருக்கு ஓர் ஆற்றங்கரை ஆஸ்பத்திரி கிடைத்தது. பிரசவ வலி கண்ட பெண்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். ரோடு கேட்டு அரசாங்கத்திடம் நடையாய் நடந்தார். ஒன்றும் நடக்காமல் போகவே எலெக்‌ஷனில் நின்றார். ஜெயித்து மந்திரியாகி ரோடு போட்டார். அப்புறம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெயிலில் போட்டார்கள். அங்கே காவலர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியம். வெளியே வந்ததும் மறுபடி மந்திரி.

"ரோடு போடத்தான் அரசியலுக்கு வந்தேன். இன்னும் போட்டு முடிக்கலை" என்றார்.

3. லாரி வரிசையில்

எண்ணூரில் திருப்பிக்கொண்டு வரும்போது, துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஓர் ஆட்டோ. அதிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி எங்கள் வண்டியைத் தட்டினார். எர்ணாவூரில் மீன் விற்பவராம். ஆட்டோவில் மருமகள் மல்லிகா, தலைப்பிரசவம். ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

இது இன்னும் ஓட ஆரம்பிக்காத புது வண்டி, அதுவும் வெளிநாட்டுக்குப் போகிற வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். மந்திரி அதற்குள் ஸ்ட்ரெச்சரை விட்டு எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். பெண்ணைத் தூக்கி வந்து படுக்க வைத்தோம். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு நைனா இவரு?"

"டாக்டரும்மா. அவங்க நாட்டுல மந்திரியும் கூட."

"மந்திரின்னா கீழ எறங்கச் சொல்லு. டாக்டருன்னா இருக்கச் சொல்லு."

அப்படியே மொழிபெயர்த்தேன். மந்திரி கையுறையை மாட்டியபடி, "எங்க ஊர்லயும் இதையேதான் சொன்னாங்க" என்றார்.

வண்டியைக் காட்டுவதற்காக நாங்கள் வைத்திருந்த பிரசவப் பெட்டி முதல்முறையாகத் திறந்தது. மேல் விளக்கை ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் பொருத்தியிருந்தோம். வெளிச்சம் வேண்டிய இடமோ கால்மாடு. நான் டார்ச் பிடித்தேன். அம்மாளுக்கு உட்கார இடமில்லை. மருமகளின் கையைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் மந்திரியின் நெற்றியில் இரண்டு மூன்று முறை இடித்தது. பல வருஷமாகப் பிரசவம் பார்க்காதவர். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் முணுமுணுத்தபடி செய்தார். "தள்ளு" என்பதற்குத் தமிழில் என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் குழந்தை. முதலில் சத்தமே இல்லை. முதுகைத் துணியால் தேய்த்தார். அப்புறம் வீல் என்று ஓர் அழுகை. வெளியே லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொருவராக வண்டியை ஓரம் கட்டி வழி விட்டார்கள். மஸ்தான் ராயபுரம் வரை எங்கேயும் நிற்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகு மந்திரி வண்டியின் படியில் உட்கார்ந்து டீ குடித்தார். கண் கலங்கியிருந்தது.

4. பட்டறையில்

ரத்தக்கறையோடு வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. இதற்குப் பதில் புது வண்டி கட்டித் தருகிறோம் என்றார். மந்திரி வேண்டாம் என்றார்.

"கழுவிட்டு இதையே அனுப்புங்க. இது வேலை தெரிஞ்ச வண்டி. மத்த வண்டியை எல்லாம் மாத்தணும்."

விளக்கைக் கால்மாட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். கிளாம்பைக் கீழே இறக்கச் சொன்னார். கூட வருபவர் உட்கார ஒரு மடக்கு சீட் கேட்டார். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினோம். பாதி வெல்டர்களை வீட்டுக்கு அனுப்ப யோசித்த முதலாளி, புதிதாக ஆள் எடுத்தார். வண்டிகள் கப்பலேறின. அடுத்த வருடம் அதே நாட்டிலிருந்து இன்னும் பெரிய ஆர்டர் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டானது. எந்த ஆம்புலன்ஸானாலும், அதைக் கட்டியவர்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்து எண்ணூர் போய்த் திரும்பினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. நான் உட்பட. டிராயிங்கில் தெரியாத தப்பெல்லாம் முதுகுக்குத் தெரிந்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள். அதற்குப் பிறகு சஸ்பென்ஷனை நன்றாக செட் பண்ணியவர்கள் அவர்கள்தான்.