சுவருக்கேற்ற பியானோ

கான்ட்ராக்டர் சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவி, முதலில் பியானோவின் உயரத்தை அளப்பார். பிறகு அகலம். அப்புறம் மரத்தில் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துப் பார்ப்பார். வாசிக்கிற கட்டைகளை மட்டும் தொடவே மாட்டார்.

"எத்தன கை மாறுச்சு? எங்கயும் அடிபடலையே?" என்று விற்பவரைக் குடைவார். பழைய காரோ, பழைய கதவோ, பழைய பியானோவோ, அவரிடம் இருப்பது இந்தக் கேள்விகள்தான். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு ஞாயிறுதோறும் நானும் கூடவே அலைந்தேன்.

ஊரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. சொந்த வீட்டையும் அவரேதான் கட்டிக்கொண்டார், அங்கேதான் வந்தது வினை. வீடு கட்டித்தரக் கேட்டு வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில், எதிர்ச்சுவரில் மார்பளவுக்கு ஓதம். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்தும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சோபாவை நகர்த்தி மறைத்துப் பார்த்தார், உயரம் எட்டவில்லை. மகள் இரண்டு வருஷமாகப் பியானோ கேட்டுக்கொண்டிருந்தாள். அது அப்பா காதில் விழுந்தது அப்போதுதான்.

ஒரு வீட்டில் சின்னப் பியானோ ஒன்று இருந்தது. மகள் உட்கார்ந்து வாசித்தாள். சங்கீதத்தில் ஞானசூன்யமான நானே இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

"அப்பா, இது போதும்ப்பா. ப்ளீஸ்."

"குட்டையா இருக்கேம்மா!" என்று அவர் டேப்பைச் சுருட்டினார்.

கடைசியில் வாங்கியது அலமாரி மாதிரி ஒன்று. நடுவில் நாலைந்து கட்டைகளுக்குச் சத்தமே வரவில்லை. மகள் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினாள். "மத்ததெல்லாம் வருதுல்ல? அத வச்சு சமாளிச்சுக்கடா கண்ணு," என்றார். விற்ற அம்மாள் நல்லவர், "ஈரமான செவுத்துப் பக்கம் மட்டும் வச்சிடாதீங்க," என்றார். "ஈரமா? நானே கட்டின வீடுங்க அது!" என்று கான்ட்ராக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

பியானோ வந்து சுவரை அடைத்து நின்றது. அந்த வாரமே வீடு கட்டக் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். "பாப்பா வாசிக்குமா? கேக்கலாமா?" என்றார் அந்தப் பெண்மணி. கான்ட்ராக்டர் பெருமை தாங்காமல் மகளைக் கூப்பிட்டார்.

அவள் வாசித்தாள். ஊமைக் கட்டைகள் வந்த இடங்களில் விரல் தயங்கவில்லை. கட்டையை அழுத்திக்கொண்டே, அது தராத ஸ்வரத்தை அவளே வாயால் பாடினாள். வந்தவர்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கான்ட்ராக்டர் மகளைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.