அண்ணாந்து பார்க்காதவள்

தையல்காரம்மாவுக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுருதி என்றால், அது மெஷினுக்குப் போடுகிற எண்ணெயா என்று கேட்கிற ரகம். ஆனாலும் தினமும் காலையில் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தோடு அவள் பாட்டும் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். உடனே எதிர்வீட்டு அக்கா தன் ஜன்னலைச் சாத்துவாள். சாத்துகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே ஓங்கிச் சாத்துவாள்.

"ஏன்டி, உன் ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே இருக்கு? அதையும் கெடுக்கணுமா?"

"கெட்டா அவரே சரிபண்ணிக்குவார்க்கா. உங்க காதை யாரு பாக்கறது? ஜன்னலை இன்னும் நல்லா சாத்துங்க."

பாட்டு என்றால் புத்தகத்தில் இருக்கிற பாட்டு இல்லை. அவளே கட்டியது. கட்டியது என்று சொல்வதுகூட அதிகம். கண்ணில் பட்டதை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்குவாள், அவ்வளவுதான். 'குழாயில தண்ணி வந்ததே, நன்றி ஆண்டவரே. அடிப்பிடிச்ச பாத்திரம் வெளுத்ததே, நன்றி ஆண்டவரே. அறுந்த நூலு மறுபடி கோத்துச்சே, நன்றி ஆண்டவரே.' எல்லாவற்றுக்கும் ஒரே ராகம். அந்த ராகமும் 'நன்றி' வரைக்கும் ஒழுங்காக வந்து, 'ஆண்டவரே' என்னும்போது வழி தவறி, யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கும்.

அந்த நேரத்தில் ஏன் பாடுகிறாள் என்பது பலருக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் ஏணி ஏறக் கிளம்புகிற நேரம் அது.

பெண் பார்க்க வந்தபோது, "பையன் கிரேன் ஓட்டுறான். வெயில்ல அலையற வேலை இல்ல, உக்காந்து பாக்கற வேலை" என்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள். பொய் இல்லை, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். எங்கே உட்கார்ந்து என்பதை யாரும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். இரும்புக் கோபுரம் ஒன்று மேகத்துக்குக் குத்து விடுகிற மாதிரி நின்றது. அதன் உச்சியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. "அதோ, அதுக்குள்ளதான் உன் புருஷன்" என்றார்கள். அவளுக்கு ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்தாலே தலை சுற்றும். அப்படியே பக்கத்தில் இருந்த மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

முதலில் மற்றவர்களைப் போல அவளும் கெஞ்சித்தான் ஜெபம் செய்தாள். 'விழாம பாத்துக்கும் ஆண்டவரே, கால் வழுக்காம பாத்துக்கும்.' கெஞ்சக் கெஞ்ச அவர் வழுக்குவதும் விழுவதும்தான் கண்முன் வந்து நின்றன. ஊசி விரலில் ஏறியது. தைத்த சட்டையில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கானதாக அமைந்தது. ஒருநாள் காலை, சோப்பு நுரைக்குள் கையை வைத்தபடி அவளுக்கே அலுத்துப்போனது. 'இனிமே கேக்கறதா இல்லை. உமக்கே தெரியும், நீர் பாத்துக்கும். எனக்கு வேலை கிடக்குது' என்று சொல்லிவிட்டு, குழாயில் வந்த தண்ணீருக்கு நன்றி சொன்னாள். பிறகு சோப்புக்கு. பிறகு நேற்று அவர் முழுசாக வீடு வந்து சேர்ந்ததற்கு. பயம் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தது, கொஞ்சம் ஓரமாக நகர்ந்து அவளுக்கு வழிவிட்டது. அது போதுமே, பாத்திரம் கழுவ.

கிரேன்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. ஜெபம், துதி என்று எதிலும் உட்காரமாட்டார். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சீண்டுவார்.

"நீ கீழ இருந்து கத்தணும். நான் மேல போய் நேர்லயே பேசிடறேன். உன்னைவிட நான்தானே அவருக்குப் பக்கம்?"

"பேசறதுதான் பேசறீங்க, உங்க கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்க."

மத்தியானச் சாப்பாட்டை அவள்தான் கொண்டு போவாள். ஏறி இறங்கினால் அரை மணிக்கு மேல் ஆகும் என்பதால் கிரேன்காரர்கள் சாப்பாட்டுக்குக் கீழே வருவதில்லை. மேலே இருந்து ஒரு நீளமான நைலான் கயிறு விடுவார். அவள் துணிப்பையை அதில் கட்டி, முடிச்சு போட்டு, இரண்டு முறை சுண்டி இழுப்பாள். கட்டியாச்சு என்று அர்த்தம். மேலே இருந்து அவர் இரண்டு முறை சுண்டுவார். புரிந்தது என்று அர்த்தம். பிறகு பை ஏறும். அது ஏறுவதைக்கூட அவள் பார்க்கமாட்டாள். கையில் வந்த அந்த இழுப்பை வாங்கிக்கொண்டு, தன் செருப்பைப் பார்த்தபடி வீட்டுக்குத் திரும்புவாள். எத்தனையோ வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்தக் கயிற்றில்தான் என்று கட்டட மேஸ்திரி கேலி செய்வார்.

ஊருக்கு நடுவில் அந்த உயரமான ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு மத்தியானம் வழக்கம்போலக் கயிறு இறங்கியிருந்தது. அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று வெளிச்சம் அணைந்த மாதிரி ஆனது. மண்ணை வாரி முகத்தில் அடித்தது காற்று. அடுக்கி வைத்திருந்த தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடின. பாதி முடிச்சில் இருந்த பை அவள் கையை விட்டுப் பறந்து, சாப்பாட்டு டப்பா திறந்து, ரொட்டி ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம் போனது.

"எல்லாரும் உள்ள ஓடுங்க!" என்று மேஸ்திரி கத்தினார். அவளையும் பிடித்து இழுத்து, சிமெண்ட் மூட்டை அடுக்கிய கொட்டகைக்குள் தள்ளினார். மேஸ்திரிக்கு வெண்கலத் தொண்டை. அன்று அதுவும் காற்றில் கரைந்தது.

"அண்ணே, அவர் மேல இருக்காரே!"

"தெரியும் தங்கச்சி. உள்ள உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகாது. காத்து அடிச்சா கிரேனோட பிரேக்கை எடுத்து விட்டுடுவோம். அதோட இரும்புக் கை அது பாட்டுக்குக் காத்தோட சுத்தும். இழுத்துப் பிடிச்சு நிறுத்தினாத்தான் ஒடியும். அவன் எடுத்து விட்டுட்டான். நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம இருக்கணும், அவ்வளவுதான். இந்தக் காத்துல ஏணிக்கு வந்தான்னா..."

அப்போது மேஸ்திரியின் கையில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணே... என்னால முடியல அண்ணே. சுத்துது. எல்லாம் சுத்துது. நான் இறங்கறேன்."

அவள் கூடக் குடித்தனம் நடத்திய குரல் இல்லை அது. சீண்டுகிற குரல் இல்லை. சின்னப் பிள்ளை இருட்டில் அழுகிற குரல்.

"இறங்காதே! டேய், உக்காரு! இறங்காதே!" மேஸ்திரி பட்டனை அழுத்தி அழுத்திக் கத்தினார். பதில் இல்லை. மூச்சு வாங்குகிற சத்தமும் காற்றின் ஊளையும் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மேஸ்திரியின் முகம் வெளுத்தது.

"பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கான். பயத்துல கை இறுகிப்போச்சு. அவன் விடற வரைக்கும் அவன் பேசறதுதான் இங்க கேக்கும். நாம பேசறது அங்க போகாது."

அவ்வளவுதான். இருந்த ஒரே வழியும் அடைத்துக்கொண்டது. கொட்டகைக்குள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மேஸ்திரி பிடிக்கப் பிடிக்க உதறிவிட்டு வெளியே போனாள். சாப்பாட்டுக் கயிறு பாம்பு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பாய்ந்து அதைப் பிடித்தாள்.

பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தாள்.

அந்த நீளமான இரும்புக் கை ஆகாயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூடவே அந்தக் கண்ணாடிக் கூண்டும் சுற்றியது. 'ஆண்டவரே' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தினமும் ஊரைக் கூட்டிய தொண்டை, வேண்டிய நாளில் காய்ந்துபோனது. கயிற்றை இரண்டு முறை சுண்டினாள். பதில் இல்லை. மறுபடி சுண்டினாள். பதில் இல்லை.

எதற்கு நன்றி சொல்வது? கண்ணில் பட்டதெல்லாம் பறக்கிற தகரமும் மண்ணில் கிடந்த முட்டையும்தான். தன் கையைப் பார்த்தாள்.

"கயிறு... கயிறு கையில இருக்கே. நன்றி ஆண்டவரே." பாட்டாக வரவில்லை, முனகலாகத்தான் வந்தது. "இன்னும் அவர் உள்ளதான் இருக்கார். நன்றி ஆண்டவரே."

"தங்கச்சி!" கொட்டகையில் இருந்து மேஸ்திரி ஓடி வந்தார். வாக்கிடாக்கியை அவள் காதோடு வைத்தார். "கேளு! இதைக் கேளு!"

காற்றின் ஊளை. மூச்சு. அதற்கு நடுவில், பல் கிட்டிக்கொண்ட ஒரு குரல்:

"கண்ணாடி உடையலையே... நன்றி ஆண்டவரே. நாற்காலி கழலலையே... நன்றி ஆண்டவரே. காலையில டீ குடிச்சேனே... நன்றி ஆண்டவரே..."

அவளுடைய ராகம். 'நன்றி' வரைக்கும் ஒழுங்காக வந்து, அவள் வழி தவறுகிற அதே இடத்தில் அவரும் வழி தவறினார். வேண்டுமென்றே தவறினால்கூட அவ்வளவு சரியாகத் தவற முடியாது.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடி கூடவே பாடினாள், அங்கே கேட்காது என்று தெரிந்தும். அவர் பூட்ஸுக்கு நன்றி சொன்னார். அவளும் சொன்னாள். பெல்ட்டுக்கு, கீழே தெரிந்த மரத்துக்கு, எதிர்வீட்டு அக்கா ஜன்னலுக்கு என்று வரிசையாகப் போனார். கொட்டகையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேஸ்திரியின் வாயும் முணுமுணுத்தது. அவர் அதுவரை எந்தச் சாமிக்கும் எதுவும் சொன்னதாகத் தெரியாது.

பாட்டுக்குக் கட்டுப்பட்டுக் காற்று நின்றது என்று யாராவது சொன்னால் அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள். காற்று, அது நிற்க வேண்டிய நேரத்தில்தான் நின்றது. அதுவரைக்கும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் ஆண்டவரிடம் கேட்டிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள். கேட்க வாய் வருவதற்கு முன்னாலேயே அது அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக, கிழவனைப் போல. கடைசிப் படியில் இருந்து தரையில் கால் வைத்ததும் அவளைப் பார்த்தார்.

"சாப்பாடு எங்க? பசிக்குது."

"காத்து சாப்பிட்டுடுச்சு."

"அதுக்கும் நன்றி சொல்லணுமோ?" என்றார் மேஸ்திரி. "டேய், பாட்டு பிரமாதம்டா. மொத்தத்தையும் கேட்டோம்."

கிரேன்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த வாக்கிடாக்கியைப் பார்த்தார். கட்டைவிரலில் பட்டன் பதிந்த தடம் சிவந்திருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவள் கேட்டாள். "கயித்தைச் சுண்டினேனே, தெரிஞ்சுதா?"

"இல்லையே. கயிறு பாதியிலேயே கம்பியில சிக்கிக் கிடந்துச்சே. நீ கீழ இருந்ததே எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

"பின்ன எப்படி அந்தப் பாட்டு?"

"தினமும் காலைல காதுல விழுந்து தொலைக்குதே. வேற எதுவுமே ஞாபகம் வரலடி."

"உங்களுக்கு என்ன, நீங்கதான் அவருக்குப் பக்கமாச்சே. நேர்ல பேசியிருக்கலாமே?"

"பேச்சு வரலடி. உன் பாட்டுதான் வந்துச்சு."

"நல்லாத்தான் பாடினீங்க."

"உன்னைவிட நல்லா?"

"என்னைவிடக் கேவலமா."

இரண்டு நாள் விட்டு மறுபடி ஏறினார். ஏறாமல் முடியுமா, வீடு என்று ஒன்று இருக்கிறதே. அவளுக்கும் பயம் விடவில்லை. ஆனால் அதன் பிறகு காலையில் குளியலறையில் இருந்து ஒரு குரல் அவளோடு சேர்ந்து வழி தவறும். எதிர்வீட்டு அக்கா இரண்டாவது ஜன்னலையும் சாத்தினாள். "ஒண்ணு போதாதுன்னு ஜோடி சேர்ந்துடுச்சு!" அதே அக்கா, தன் மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போன அன்று, மதிய வெயிலில் செருப்பில்லாமல் ஓடி வந்து கதவைத் தட்டினாள். "உன்னோட அந்தக் கண்றாவிப் பாட்டைக் கொஞ்சம் பாடேன்டி. எனக்கு வாயே வரல." இரண்டு பேரும் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நூற்கண்டு, கத்திரிக்கோல், காஜா ஊசி என்று ஒன்று விடாமல் நன்றி சொன்னார்கள்.

கிரேன்காரர் எந்த உயரத்தில் இருந்தும் விழவில்லை. முழங்கால் உயரக் கட்டிலில், வயசாகி, தூக்கத்தில்தான் போனார்.

அந்த நைலான் கயிறு இப்போது பின்பக்கத்தில் துணி உலர்த்துகிற கொடியாக இருக்கிறது. வெயிலில் நிறம் போய்விட்டது. இன்னும் அறுகிற மாதிரி தெரியவில்லை. துணியைப் போட்டு முடித்ததும் தையல்காரம்மா அதை இரண்டு முறை சுண்டுவாள். ஒரு நிமிஷம் கையை அதன்மேலேயே வைத்திருப்பாள். பிறகு அண்ணாந்து பார்ப்பாள். இப்போதெல்லாம் தலை சுற்றுவதில்லை. பாட்டு தானாக வரும்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்துவதை விட்டுவிட்டாள். கேட்டால், "எனக்குக் காது போச்சு, நீ எப்படிக் கத்தினா எனக்கென்ன" என்பாள். ஆனால் தையல்காரம்மா மறதியில் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும், ஜன்னலில் இருந்து குரல் வந்துவிடும்.

"ஏய், டீயை விட்டுட்டியே! 'காலையில டீ குடிச்சேனே' எங்கடி போச்சு? மறுபடி முதல்ல இருந்து பாடு!"