நட்டு பார்த்தாச்சா?

ஊசியக்கா என்ற பட்டப்பெயர் அவளுக்கு இரண்டு தடவை வந்து ஒட்டியது. முதல் தடவை, தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்தபோது. அடுத்தது, கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள பொட்டலில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரிமோட் விமானம் விடுகிறவர்கள் நடுவில். அங்கே ஊசி என்பது வேறு. நைட்ரோ எஞ்சினின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சின்னத் திருகு அது. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். திருகும்போது விரல் நுனியில் கிளிக், கிளிக் என்று தட்டும். இரண்டு கிளிக் அதிகம் திறந்துவிட்டால் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு சோம்பலாக ஓடும். இரண்டு கிளிக் அதிகம் மூடினால் கீச்சென்று கத்தி, சூடேறி, நடுவானில் கழுத்தறுத்துவிடும்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. கடை வைப்பதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு தையல் ஆலையில் மெக்கானிக். அறுபது மிஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில், எந்த மிஷின் எண்ணெய் கேட்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் அவளே அதை மறுத்ததில்லை.

பன்னிரண்டு வருஷம் முன்னால், பஸ் ஓட்டும் தம்பி ஒரு பழைய எஞ்சினைக் கடை மேஜையில் கொண்டுவந்து வைத்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு. சுற்ற மறுத்தது.

"ஓட்டி முடிச்சு டாங்கைக் காலி பண்ணாம அப்படியே வச்சிருக்கான் எவனோ" என்றாள் அவள், திறந்து பார்த்துவிட்டு. "இந்த மெத்தனால் காத்துல இருக்கிற தண்ணியெல்லாம் இழுத்துக்கும். பேரிங் துருப்பிடிச்சுப் போச்சு."

"உனக்கு எப்படிக்கா தெரியும்? இப்பதானே முதல் தடவை பார்க்கிறே?"

"துருவுக்கு எல்லா வீடும் ஒண்ணுதான்டா."

அன்றிலிருந்து அவன் பறக்கவிட்டான், அவள் எஞ்சின் பார்த்தாள். ரிமோட்டை அவள் கையில் வாங்கியதே இல்லை. விமானம் மேலே போனதும் வானத்தைப் பார்க்காமல் தம்பியின் முகத்தைத்தான் பார்ப்பாள். அவன் திரும்பித் தலையாட்டினால் எஞ்சின் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அவள் அந்த வாரத்துக்கு வாங்கிக்கொண்ட சம்பளம் அந்தத் தலையாட்டல்தான்.

ஊசி வைக்க மற்றவர்களும் அவளிடமே வந்தார்கள். அவள் காதால் வைத்தாள். சிலர் சுற்று எண்ணும் கருவி வைத்திருந்தார்கள். சிலர் எரிபொருள் குழாயை விரலால் ஒரு கணம் நசுக்கி, வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பார்கள். "அதெல்லாம் காது இல்லாதவங்க செய்யறது" என்பாள். ஊசியை மூடிக்கொண்டே போவாள். சத்தம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, கூர்மையாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து துளி பின்னால் வந்து நிறுத்துவாள். அவ்வளவுதான். பிறகு எஞ்சினை அணைத்து, டாங்கை மறுபடி நிரப்பி, எரிபொருள் கேனை அவளே எடுத்துப்போய் இறுக்கி மூடுவாள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அந்த மூடியை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்கமாட்டாள்.

அவள் கேனோடு அந்தப் பக்கம் போகும் நேரத்தில்தான் யாராவது கேட்பார்கள்: "நட்டு பார்த்தாச்சா?"

"பார்த்துட்டேன்" என்பான் தம்பி, விமானத்தின் முன்னால் குனிந்தபடி.

விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடியைப் பிடித்திருக்கும் நட்டு கழன்றால் எதிரே நிற்பவன் முகம் போய்விடும். இந்தக் கேள்வி எப்போது பழக்கமானது என்று அவளுக்கு ஞாபகமில்லை. பொறுப்பு வந்துவிட்டது பயல்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள். கடையில் வாடிக்கையாளர் யாராவது புரியாமல் பேசினால்கூட, "இவனுக்கு நட்டு பார்த்தாச்சா?" என்று தம்பியிடம் கேட்டுச் சிரிப்பாள். தம்பியும் சிரிப்பான்.

பல் டாக்டர் அந்தக் கூட்டத்தில் புதிது. நல்ல மனுஷர், அவசரக்காரர். புது விமானத்துக்கு எஞ்சின் வாங்கப் போனில் படம் காட்டினார். பெரிய எஞ்சின்.

"டாக்டர், ஒரு பல்லைப் பிடுங்க நீங்க சம்மட்டியா எடுப்பீங்க?" என்றாள் ஊசியக்கா.

"பவர் இருந்தா நல்லதுதானே?"

"மூக்கு கனமானா விமானம் தரையைத்தான் மோந்து பார்க்கும். நாற்பத்தாறு சைஸ் போதும். பேரிங் வச்சதா வாங்குங்க. பிஸ்டன்ல வளையம் இல்லாதது."

எஞ்சின் வந்தது. வளையமில்லாத வகை புதிதில் இறுக்கமாக இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கவ்விப் பிடிக்கும். சூடானால்தான் இளகும். இரண்டு நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதைப் பழக்கினாள். ஒவ்வொரு தடவையும் மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்து, எஞ்சினின் வாயில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் இருபது சுற்றுச் சுற்றினாள். டாக்டர் தன் பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோதுகூட இவ்வளவு கவலைப்படவில்லை என்று சொன்னார்.

நாலாவது ஞாயிறு, அதன் முதல் பறப்பு. தம்பிக்கு அன்று டூட்டி. ஊசியக்கா ஊசி வைத்தாள். விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள். சத்தம் அவள் விரும்பிய இடத்தில் கூர்மையாக நின்றது. அணைத்தாள். டாங்கை நிரப்பினார்கள். தம்பி இல்லையே என்று ஸ்பேனரை எடுத்து நட்டைத் தானே இறுக்கினாள்.

கார் பேட்டரி விற்பவர், எல்லோரும் பேட்டரி என்றே கூப்பிடுகிறவர், கேட்டார்: "நட்டு பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. நானே பார்த்தேன்" என்றாள்.

பேட்டரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேட்டரியைப் பார்த்தார். அவள் கேனை மூடப் போனாள்.

டாக்டர் எஞ்சினைக் கிளப்பி ரிமோட்டை எடுத்தார். விமானம் அழகாகத்தான் எழும்பியது. கிடங்குக் கூரைக்கு மேலே செங்குத்தாக ஏறும்போது டாக்டர் முகம் சுளித்தார். பேட்டரி காதைப் பொத்தினார். ஏன் பொத்துகிறார் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கியது. பிறகு ஒரு பக்க இறக்கை சாய்ந்து, பொட்டலின் கடைசியில் கிடந்த ஜல்லிக் குவியலில் விழுந்தது.

மூன்று பேரும் ஓடினார்கள். எஞ்சின் பாதி ஜல்லியில் புதைந்து சுட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க நட்டு பார்க்கலியா?" என்று பேட்டரி டாக்டரிடம் கேட்டார். அவர் குரல் எப்போதுமே கனமானது. தணித்துப் பேசினாலும் கேட்கும்.

"அக்காதான் பார்த்தாச்சுன்னு சொல்லிட்டாங்களே. தெரிஞ்சுபோச்சுபோலன்னு நினைச்சேன்."

ஊசியக்கா உடைந்த காற்றாடியைத் துடைத்துக் காட்டினாள். "நட்டு இங்கதான் இருக்கு. அசையவே இல்லை. நீங்க எந்த நட்டைச் சொல்றீங்க?"

இரண்டு ஆண்களும் ஜல்லியைப் பார்த்தார்கள்.

"எந்த நட்டு, டாக்டர்?"

டாக்டர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். "விடுங்கக்கா. உங்க தப்பு ஒண்ணுமில்லை. வழக்கமா தம்பி ரெண்டு கிளிக் திறந்து விட்டுடுவார். நீங்க வைக்கிறது இப்பல்லாம் கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு. அதுக்குத்தான் நாங்க அப்படிக் கேக்கறது. இன்னிக்கு அவர் இல்லை. எனக்காவது தோணியிருக்கணும்."

"இப்பல்லாம்னா?"

டாக்டர் பேட்டரியைப் பார்த்தார். பேட்டரி சொன்னார்: "ரெண்டு வருஷம் இருக்கும்க்கா."

எஞ்சினைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். கடை மேஜையில் வைத்துத் திறந்தாள். முதலில் ப்ளக்கைக் கழற்றினாள். உள்ளே சுருள் கம்பி கண்ணாடிபோல மின்ன வேண்டும். அது சாம்பல் பூத்து, ஓரத்தில் உருகியிருந்தது. பிஸ்டன் பக்கவாட்டில் நீளக் கோடுகள். எரிபொருள் போதாமல் வெந்து செத்த எஞ்சின். மூன்று வாரம் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்டது. வேறு யார் கொண்டுவந்து வைத்திருந்தாலும், "எந்த மடையன் ஊசி வச்சான்?" என்று கேட்டிருப்பாள்.

அவளுக்கு இப்போது புரிந்தது. கூர்மையான சத்தத்தின் மேல்நுனி அவள் காதில் எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது. மனதில் இருக்கும் பழைய சத்தத்தைத் தேடி ஊசியை மூடிக்கொண்டே போயிருக்கிறாள். அது பரவாயில்லை. ஆலையில் அறுபது மிஷினுக்கு நடுவில் இருபத்திரண்டு வருஷம் நின்ற காது, போகத்தான் செய்யும். மற்றதுதான் தொண்டையில் இறங்கவில்லை. அவள் கேனை மூடத் திரும்பிய ஒவ்வொரு தடவையும், முதுகுக்குப் பின்னால், கிளிக், கிளிக்.

மத்தியானம் டூட்டி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் தம்பி வந்தான். யாரோ போன் பண்ணிவிட்டிருந்தார்கள். வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினான். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ளே வா" என்றாள். "இந்த மணியை எப்போ மாத்தினே?"

"என்னக்கா?"

"முன்னாடி குருவி மாதிரி கத்துற மணி இருந்தது. கெட்டுப்போச்சுன்னு சொல்லி இதை மாட்டினே. லாரி ஹாரன் மாதிரி."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லை."

"சரி. பொட்டல்ல கரண்ட் கம்பியில குருவி உட்காருமே. போன வருஷம் நான் சொன்னேன், கிடங்கு கட்டினப்புறம் குருவியெல்லாம் போயிடுச்சு, சத்தமே இல்லைன்னு. நீ என்ன சொன்னே?"

அவன் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஆமாக்கா, போயிடுச்சுன்னு சொன்னே. வருத்தமா வேற சொன்னே. இருக்கா?"

"இருக்கு."

"நிறையவா?"

"கம்பி பூரா இருக்குக்கா."

அவள் உருகிய ப்ளக்கை மேஜையில் உருட்டினாள். அது ஓரம்வரை போய் நின்றது.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றான் தம்பி. "வீடு, கடை, கடை, வீடு. வாரத்துல ஒரு நாள்தான் நீ வெளியே வர்றே. அந்த இடத்துல நீ ராணி மாதிரி இருக்கே. அதையும் உங்கிட்டேருந்து பிடுங்கச் சொல்றியா?"

"பிடுங்கிட்டேதானே? பிடுங்கிட்டு, கையில இருக்கு கையில இருக்குன்னு ரெண்டு வருஷம் சொல்லிட்டிருந்தே."

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்."

"ஊரே சேர்ந்து நோகாம பார்த்துக்கிட்டீங்க. நான் வேற அந்தக் கேள்வியை ஜோக்குன்னு சொல்லிச் சிரிச்சிட்டிருந்தேன். உங்கூடவே."

அவன் எழுந்து ஏதோ சொல்ல வந்தான். அவள் பிஸ்டனைத் துடைக்க ஆரம்பித்தாள். திருத்த முடியாத பிஸ்டன். துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவன் போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினானா, அறைந்து சாத்தினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் குனிந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கருவிப் பெட்டியோடு வந்தாள். வந்ததும் அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள். குருவிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அலகுகள் திறந்து திறந்து மூடின.

தம்பியின் விமானத்தை எடுத்து எஞ்சினைக் கிளப்பினாள். இடது உள்ளங்கையை விமானத்தின் உடம்பில் வைத்துக்கொண்டாள். வலது கையால் எரிபொருள் குழாயை ஒரு கணம் நசுக்கி விட்டாள். உள்ளங்கையில் அதிர்வு துளி ஏறி இறங்கியது. ஊசியைத் தொட்டாள், மறுபடி நசுக்கினாள், சைலன்சரில் புகையைப் பார்த்தாள்; புகை அறுந்தால் எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம். காது இல்லாதவர்கள் செய்வது. முன்பைவிட நாலு மடங்கு நேரம் பிடித்தது. டாக்டர் தன் பழைய விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அணைத்தாள். டாங்கை நிரப்பினார்கள். கேன் திறந்து கிடந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை. விமானத்தின் முன்னாலேயே நின்றாள்.

"கேளுங்க" என்றாள். "வழக்கமா கேப்பீங்களே."

பேட்டரி நகத்தைப் பார்த்தார். கடைசியில் தம்பிதான் கேட்டான், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "நட்டு பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. இனிமே யாரும் தொடக்கூடாது. விழுந்தா விழட்டும். நான் வச்சதுல விழட்டும்."

மறுபடி கிளப்பினார்கள். விமானம் ஓடி எழும்பியது. கிடங்குக் கூரையைத் தாண்டி, செங்குத்தாக ஏறியது. தம்பி திரும்பி அக்காவைப் பார்த்துத் தலையாட்டினான், பன்னிரண்டு வருஷமாக ஆட்டியதைப் போலவே.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலே, விமானத்தின் வாலுக்குப் பின்னால், வெள்ளைப் புகைக் கோடு அறுபடாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.