குங்குமச் சிமிழில் வைத்த கார்டு

என் அப்பாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். அந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. தாயைப் போல பிள்ளை என்று சொன்னவன் நம் வீட்டுக்கு வந்ததில்லை என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அப்பாவின் சந்தேகமெல்லாம் என் போட்டோவின் மேல் குவிந்தது. ஜாதகத்தோடு போட்டோ கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சரிப்பட்டு வராவிட்டால் இரண்டையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். பலர் மறந்துவிடுவார்கள், பெண் வீட்டார் கேட்கக் கூச்சப்படுவார்கள். அப்பா கூச்சப்படமாட்டார். காட்டுமன்னார்கோயிலில் ஒரு வீட்டார் பொருத்தமில்லை என்று சொல்லியனுப்பிய மறுநாளே டவுன் பஸ் ஏறிப் போய், அவர்கள் சாப்பிட்டு எழும்வரை வாசலில் நின்று போட்டோவை வாங்கி வந்தார். கல்யாணமாகாத பெண்ணின் படம் அந்நியர் வீட்டு அலமாரியில் கிடக்கக்கூடாது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். முன்பின் தெரியாத ஒருவன் என் முகத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பான் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கடலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு, பையனுக்குச் சென்னையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா, அக்கா, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அக்கா புருஷன். அந்த வருஷ வழக்கப்படி கரண்ட் இல்லை. கேசரித் தட்டோடு ஆளுக்கொரு விசிறியும் கொடுத்தோம்.

அக்கா புருஷன் கழுத்தில் புதுக் கேமரா ஒன்று தொங்கியது. கேசரி முடிந்ததும், பெண்ணை ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்தார். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒரு படம். எடுத்தவுடன் உள்ளே இருக்கும் கார்டைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிடவேண்டும். சம்பந்தம் முடிவானால் அதையே கல்யாண ஆல்பத்தில் முதல் படமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கு மானம் போயிற்று. சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

ஆனால் அவர்கள் உடனே சரி என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வந்த வீட்டில் இப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் கொஞ்சமாவது முகம் சுளிப்பார்கள். இவர்கள் சுளிக்கவில்லை. எங்கேயோ இடித்தது.

படம் எடுப்பதற்கு முன் அக்கா புருஷன் கேமராவின் பின்பக்கத்தில் எதை எதையோ அழுத்தினார். அதே நேரத்தில் பையனும் தன் போனை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"கனெக்ட் ஆயிடுச்சா மச்சான்?" என்று அவர் கேட்டார். பையன் தலையாட்டினான்.

யாருக்கோ போன் போடுகிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். கூடத்தில் டவர் கிடைக்காது, வாசலுக்குப் போனால் நன்றாகக் கிடைக்கும் என்று வழி சொன்னார்.

படம் எடுத்தார்கள். நகம் அளவு கார்டைக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்கள். அப்பா அதைக் குங்குமச் சிமிழில் போட்டு மூடி, சாமி அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ரிட்டயர் ஆனபிறகு அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததில்லை.

நான் காபி டம்ளர்களை எடுக்கப் போனேன். பையனின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தபோது அவன் போன் தெரிந்தது. அதில் நான் இருந்தேன். மாம்பழக் கலர் புடவை, பின்னால் எங்கள் வீட்டுக் காலண்டர். சற்றுமுன் எடுத்த அதே படம். இரண்டு விரலால் என் முகத்தை இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். என் வளையல் சத்தம் கேட்டதும் போனைத் தொடைமேல் கவிழ்த்துக்கொண்டான்.

அவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்த மாதிரிக் கேமரா தனக்கென்று ஒரு வைஃபை போடும், போன் அதில் சேர்ந்துகொண்டால் வயர் இல்லாமல் படம் போய்விடும், நெட்டும் வேண்டாம் கரண்டும் வேண்டாம் என்று என்னோடு வேலை பார்த்த கம்ப்யூட்டர் டீச்சர் பிறகு சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. படம் போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது.

அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் எங்கள் இருவரையும் பின்கட்டில் பேச விட்டார்கள், அவனே சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவன் என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். சென்னையில் தண்ணீர் எப்படி என்று சொன்னான். போட்டோ பேச்சை எடுக்கவே இல்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"போட்டோ எப்படி வந்துருக்கு?"

"தெரியலங்க. நான் இன்னும் பாக்கவே இல்ல. கார்டுதான் உங்க அப்பாகிட்ட இருக்கே." சொல்லிவிட்டுச் சிரித்தான். "அவுங்க ரொம்ப ஜாக்கிரததான்."

நல்ல சிரிப்பு. யார் பார்த்தாலும் நம்பிவிடுவார்கள். பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கூடத்தில் என் அப்பா ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்து இவர்கள் திரும்பும் வழியெல்லாம் சிரிக்கப்போகிறார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் பஸ் ஏறுவதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா கத்தினாள். இதைவிட நல்ல இடம் வானத்திலிருந்து குதிக்குமா என்றாள். அப்பா காரணம் கேட்டார். போனில் பார்த்ததைச் சொன்னால் அவர் கடலூருக்குப் போய் அவர்கள் வாசலில் நின்று சண்டை போடுவார். இந்தப் பெண்ணின் படம் அவன் போனில் இருக்கிறதாம் என்று ஊரெல்லாம் பேசும். அதைவிட, குங்குமச் சிமிழைத் திறந்து பார்க்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அவன் பேச்சில் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஜாதகத்தையும் கார்டையும் எடுத்துக்கொண்டு அப்பா கடலூருக்குப் போனார். வெயில் தாழ்ந்துதான் திரும்பி வந்தார். என் ஜாதகத்தையும் ஸ்டுடியோ போட்டோவையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

"கார்டுல இருந்தத அந்தக் கேமராக்காரரு என் கண்ணெதிர்லயே அழிச்சிட்டாரும்மா. நான் கேக்கக்கூட இல்ல. இனிமே நம்மளோடது ஒண்ணும் அவுங்ககிட்ட இல்ல." அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். பையன் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, சீட் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனானாம்.

"தங்கமான பையன். நீதான் அவசரப்பட்டுட்ட. என்ன மாதிரி எல்லாத்தையும் சந்தேகப்படாதம்மா."

சரிப்பா என்றேன். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட வரச் சொன்னேன்.