முதற்பந்தியில் அக்கா

அக்காவின் நத்தார்ச் சாப்பாட்டைப் பற்றி இந்த நினைவு மலரில் கட்டாயம் எழுத வேண்டும் என்று கனடாவிலுள்ள உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறேன். வாசித்த பிறகு கோபிப்பவர்கள் தாராளமாகக் கோபிக்கலாம்.

எங்கள் அக்கா முல்லைத்தீவுக் கரையில், கரைவலை இழுத்துப் பிழைத்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா வேளைக்கே கண்மூடிவிட்டதால் என்னை வளர்த்தவரும் அவரே. இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்திலும், யேசு பிறந்த நாளன்று, கிடைத்த பருப்பில் ஒரு கறி வைத்து அதை நத்தார் என்றவர். பின்னர் அத்தானுடன் கனடா போனார். அத்தான் காலமான பின்பும் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஆகவே சொந்தக்காரர் எல்லாரும் தங்களைத் தாங்களே பிள்ளைகளாக நியமித்துக்கொண்டார்கள்.

முல்லைத்தீவில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, ஒரு வழக்கம் உண்டு. எந்த விசேடமானாலும் சமைத்தவர் பரிமாறுவதில்லை. தன் தட்டில் தானே சோறு போட்டுக்கொள்வதும் இல்லை. அவரை முதற்பந்தியில் இருத்தி மற்றவர்கள் போடுவார்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. இது கனடாக்காரருக்குத் தெரியாத விஷயமல்ல. எல்லாரும் அதே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் கனடாவில் ஒவ்வொரு நத்தாருக்கும் அக்கா வீட்டில்தான் பந்தி. கல்லாய் விறைத்த நண்டை முதல் நாளே எடுத்து இளக வைப்பார். புகை மணி கத்திவிடுமென்று யன்னலைத் திறந்துவிட்டு, அந்தப் பனிக்காற்றில் நின்று கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பார். ஒரு வருடம் என்னுடன் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்த போனைக் குசினி அலுமாரியில் சாத்திவைத்துவிட்டு மறந்துபோனார். எல்லாவற்றையும் பார்த்தேன். அவரே எல்லாருக்கும் பரிமாறினார். சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள், மிச்சத்தைப் பெட்டிகளில் அடைத்தார்கள். அக்கா வெறும் தட்டோடு மேசை மூலையில் காத்திருந்தார்.

"அக்காவுக்கு மணத்திலயே வயிறு நிரம்பியிடும்" என்றார் எங்கள் சித்தப்பாவின் மகன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு எழும்பி, ஒரு பருக்கையும் படாத தட்டைக் கழுவி வைத்தார்.

அடுத்த நாள் கேட்டேன். "ஏன் அக்கா, நீங்களே போட்டுச் சாப்பிட்டிருக்கலாம்தானே?"

"அப்பிடிச் சாப்பிட்டா அது நத்தாரேயடி?" என்றார்.

சில வருடங்களில் அக்கா நோயில் விழுந்தார்; அது முற்றியதும் ஊருக்கு, என்னிடம் வந்தார். "ஒரு நத்தாருக்காவது முதற்பந்தியில இருக்கோணும்" என்பது மட்டுமே அவர் ஆசை. அந்த நத்தாருக்கு, எழும்பி நிற்கப் பலமில்லாமல், அடுப்பருகே கதிரையில் இருந்தபடி தன் கையாலேயே நண்டுக்கறி கூட்டினார். விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பாவின் மகன் பசியோடு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வழமைபோல நீங்களே போட்டுத் தாங்கோ. உங்கட கையால சாப்பிட்டாத்தான் ருசி."

அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்து இருத்தினேன்.

"இருங்கோ அக்கா. அவருக்கும் கை இருக்கு. இண்டைக்கு அவர் போடட்டும்."

கரண்டியைப் பிடுங்கிச் சித்தப்பாவின் மகன் கையில் வைத்தேன். முகத்தை நீட்டிக்கொண்டு போட்டார். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு" என்று, சோறு வடித்த என்னிடம் சொன்னார். பிறகு, எல்லாரையும் காக்கவைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போடு தம்பி" என்றார். அப்படி அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் இறைவனடி சேர்ந்தார்.

அக்காவைத் தூக்கிக் குளிக்கவார்த்த ஒழுங்கைப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து மருந்து கட்டிய தாதிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. கனடாவிலிருந்து மலர்வளையம் அனுப்பியவர்களுக்கும் நன்றி. மலர்வளையத்தைத் தின்ன முடியாது என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

ஓராண்டுத் திருப்பலி முடிந்ததும் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. நண்டுக்கறி உட்பட எல்லாவற்றையும் நானே சமைத்திருக்கிறேன். அக்கா இருந்த அதே கதிரையில் இருப்பேன். கரண்டி சட்டிக்குள் கிடக்கிறது. யாராவது வந்து போடுங்கள்.

தங்கை
முல்லைத்தீவு