கவர்மெண்டு மூடிய வெப்சைட்டும் என் பக்கத்து சீட்டும்

இன்று காலை சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுத் தறிக்காரர் போனைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

அரசு உத்தரவுப்படி இந்த இணையதளம் முடக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

"வரப்போற மாப்பிள்ளை கிரிப்டோல பணம் போட்டிருக்கறாருங்க. அது என்னன்னு பாக்கலாம்னு அந்த வெப்சைட்டைத் தட்டிப்போட்டேன். ஞாயித்துக்கிழமை புள்ளைக்கு நிச்சயமுங்க. மண்டபத்துல போலீஸ் வந்து நின்னா என்னங்க பண்ணுவேன்?"

"உங்களை யாரும் தேடலைங்க. யார் திறந்தாலும் இப்படித்தான் வரும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. சரி என்று அதே தளத்தை என் போனில் திறந்து, அதே அறிவிப்பைக் காட்டினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட, நீங்களுமாங்க?"

பையை எடுத்துக்கொண்டு அப்போதுதான் காலியான முன் சீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து மனைவியிடம் போனில் பேசியது பஸ் முழுக்கக் கேட்டது.

"அம்மணி, நிச்சயத்தை நிறுத்த வேண்டாம். மாப்பிள்ளை மேல ஒண்ணும் தப்பில்ல. கவர்மெண்டு தேடற ஆளு பஸ்ல என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாப்ல!"

காந்திபுரம் வரை நின்றுகொண்டே வந்தவர்கள்கூட என் பக்கத்தில் உட்காரவில்லை.

உங்கள் போனிலும் அந்தத் தளம் திறக்கவில்லை என்றால் கமெண்டில் சொல்லுங்கள். இங்கே ஒரு சீட்டு காலியாக இருக்கிறது.