சாட்சிக் கையெழுத்து

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் லெட்டர் அக்கா. பதினான்கு வருடமாக மனிதவளப் பிரிவில் உட்கார்ந்து கடிதம் அடிக்கிறாள். ஆளைச் சேர்க்கும் கடிதம், சீட்டைக் கிழிக்கும் கடிதம், எல்லாம் அவள் கைவண்ணம்தான். வீட்டில் பிள்ளை பால் குடிக்க மறுத்தால்கூட, "விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பு" என்று கணவன் கிண்டல் செய்வான். முன்பெல்லாம் அவளும் சிரிப்பாள். இப்போது அதைக் கேட்டாலே அருவருப்பாக இருக்கிறது.

மனிதவளமாம். நன்றாகத்தான் வைத்தார்கள் பேரு.

அன்று காலை பிரச்சினை கழிவுத்தொட்டியில். தரைக்கு அடியில் இரண்டு ஆள் ஆழம். அதில் இறங்கிக் கசடு வாருகிறவரைத் தொட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மூடியைத் திறந்த அவர், விஷவாயு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்காமல் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆபத்தான வேலையை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அந்த விதியை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதே லெட்டர் அக்காதான்.

கருவி இல்லாமலும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அலமாரியில், பூட்டு போட்டு இருக்கிறது. விலை உயர்ந்த சாமானாம், எடுத்துப் புழங்கினால் கெட்டுவிடுமாம். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். சாவி மனிதவள மேலாளரின் பையில்.

மேலாளர் சாவியை எடுக்கவில்லை. அவர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தொட்டி பாதுகாப்பாக உள்ளது, கருவிகள் அனைத்தும் தரப்பட்டுள்ளன, இனியும் மறுத்தால் பணிநீக்கம். அடித்து முடித்ததும் பத்து விரலையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் போலிருந்தது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு நீயும் வா என்று மேலாளர் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

தொட்டி நெருங்கும் முன்பே அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. மேலாளர் எட்டவே நின்றுகொண்டார். கைக்குட்டையால் மூக்கை இறுகப் பொத்தியபடி கடிதத்தை வாசித்தார். "பாதுகாப்பாக உள்ளது" என்பது துணிக்குள்ளிருந்து முணுமுணுப்பாக வந்தது.

தொட்டிக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சார், அந்தத் துணிய எடுத்துட்டு, இங்க மூடிகிட்ட வந்து படிங்க. அப்புறம் பேசலாம்."

மேலாளர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. இரண்டு பிரதிகளையும் அவளிடம் நீட்டி, "நீ கையெழுத்தப் போடும்மா" என்றார்.

நாளைக்குத் தன் பெயருக்கும் ஒரு கடிதம் வரும், அதை அடிக்கத்தான் வேறு ஆள் தேடவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பிரதியிலும் சாட்சி என்ற இடத்தில் நிதானமாக எழுதினாள்: "மேலாளர் இதைத் தள்ளி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசித்தார். நேரில் பார்த்தேன்." கையெழுத்துப் போட்டு, தொழிலாளியின் பிரதியைத் தொட்டிக்காரரிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்கங்கண்ணே. யாரு கேட்டாலும் இதக் காட்டுங்க."

அவர் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மற்றப் பிரதியை அவளிடம் வாங்கிப் படித்த மேலாளர், அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடு என்று தொட்டிக்காரரை நோக்கிக் கையை நீட்டினார். இன்னொரு கை அப்போதும் மூக்கில்தான் இருந்தது.